கதை ஞாபகம் இருக்கிறது, பெயர்தான் வரவில்லை

ஐசக் அசிமோவ் தனக்கு வந்த ஒரு தொலைபேசி அழைப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். அழைத்தவருக்கு ஒரு கதை வேண்டும். அசிமோவ் எழுதியது என்றுதான் நினைக்கிறார், தலைப்பு மறந்துவிட்டது. அவர் கதையைச் சொல்லத் தொடங்குமுன்பே அசிமோவ் குறுக்கிட்டு, அது 'தி லாஸ்ட் கொஸ்டின்' என்றார். கதையையும் சுருக்கமாகச் சொன்னார். அதேதான். ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து தன் மனதைப் படித்துவிட்டதாகவே எதிர்முனைக்காரர் நம்பியிருப்பார் என்று அசிமோவ் வேடிக்கையாகச் சொல்கிறார். உண்மையில் இது அனுபவத்தில் வந்த ஊகம். 1956 நவம்பரில் 'சயின்ஸ் ஃபிக்‌ஷன் குவார்ட்டர்லி' இதழில் வந்த அந்தக் கதையின் முடிவை வாசகர்கள் மறப்பதில்லை. தலைப்பை மறந்துவிடுகிறார்கள். எழுதியவர் அசிமோவ்தானா என்பதிலேயே சிலருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. அவரைக் கேட்டு வந்தவர்களில் பலர் தேடியது இதைத்தான்.

எல்லாக் கதைகளுக்கும் இந்த வசதி இல்லை. 1926 ஏப்ரலில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழைத் தொடங்கியதிலிருந்து 1960கள் வரை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வந்த அறிவியல் புனைகதை இதழ்கள் ஏராளம். 'அஸ்டவுண்டிங்', 'த்ரில்லிங் வொண்டர் ஸ்டோரீஸ்', 'பிளானட் ஸ்டோரீஸ்', 'கேலக்ஸி', 'இஃப்', 'தி மேகஸின் ஆஃப் ஃபேண்டஸி அண்ட் சயின்ஸ் ஃபிக்‌ஷன்' என்று நீளும் அந்த வரிசையில் வெளியான சிறுகதைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். எழுதியவர்களில் பெரும்பாலோர் மறைந்துவிட்டார்கள், இதழ்களில் பல நின்றுவிட்டன. அவற்றில் ஒன்றைச் சிறுவயதில், அட்டை கிழிந்த ஏதோ ஒரு தொகுப்பில் படித்தவருக்கு முப்பது வருடம் கழித்து ஒரு காட்சி மட்டும் மனதில் தங்கியிருக்கிறது. ஜன்னல் கண்ணாடிக்குள் தெரியும் ஒரு பெண், அலமாரிக்குள் பூட்டிவைக்கப்பட்ட ஒரு சிறுமி, கடைசி வரியில் கடவுளாகிவிடும் ஒரு கணினி. அந்தக் கதையை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைப் பொழுதுபோக்குக் கேள்வியாக ஒதுக்கிவிட முடியாது. நினைவு எப்படி வேலை செய்கிறது, பட்டியல் போடுகிறவர்கள் எதைப் பதிவு செய்கிறார்கள், ஒரு கதையின் அடையாளம் அதன் எந்தப் பகுதியில் இருக்கிறது ஆகிய மூன்றும் இதில் முட்டிக்கொள்கின்றன. தேடுபவர் அடித்துச் சொல்லும் கதைக்கரு, ஆசிரியர், முடிவு எல்லாம்தான் பெரும்பாலும் வழிதவறச் செய்கின்றன என்பது என் கருத்து. இது எதற்கு என்று அவரே சொல்லத் தயங்கும் சில்லறை விவரம் கதையிடம் கொண்டு சேர்க்கும்.

முதலில் பட்டியல்களைப் பார்ப்போம். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் டொனால்ட் டே என்ற ரசிகர், 1926 முதல் 1950 வரை வந்த அறிவியல் புனைகதை இதழ்கள் அனைத்துக்கும் அட்டைகளில் குறிப்பெடுத்து 1952இல் ஓர் அகரவரிசையை வெளியிட்டார். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கான பட்டியலை எம்.ஐ.டி. மாணவர்களின் அறிவியல் புனைகதைச் சங்கம் 1966இல் கொண்டுவந்தது. தொகுப்பு நூல்களில் எந்தக் கதை எதில் இருக்கிறது என்பதை வில்லியம் கொன்டென்டோ 1978இல் திரட்டித் தந்தார். இந்த உழைப்பையெல்லாம் வாங்கிக்கொண்டு 1995 முதல் வளர்ந்துவருகிறது 'இன்டர்நெட் ஸ்பெகுலேட்டிவ் ஃபிக்‌ஷன் டேட்டாபேஸ்'. சம்பளம் இல்லாமல் ரசிகர்களே செய்த வேலை இது. பல பல்கலைக்கழகத் துறைகள் வெட்கப்பட வேண்டிய அளவுக்குத் துல்லியமானது.

ஆனால் இவை அனைத்துக்கும் நுழைவாயில் தலைப்பு, இல்லாவிட்டால் ஆசிரியர். தேடி வருபவரிடம் இல்லாதவை இந்த இரண்டும்தான்.

நாட்டார் கதை ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலை முன்பே சந்தித்துவிட்டார்கள். பாட்டி சொல்லும் கதைக்குத் தலைப்பும் கிடையாது, ஆசிரியரும் கிடையாது. ஆகவே பின்லாந்தின் ஆன்ட்டி ஆர்னே 1910இல் கதைகளை வகைப்படுத்தி எண் கொடுத்தார். அமெரிக்காவின் ஸ்டித் தாம்சன் 1930களில் கதைக்கூறுகளுக்கென்று பல தொகுதிகள் கொண்ட அட்டவணை தயாரித்தார். ஏழு கடல் தாண்டிய கிளிக்குள் அரக்கனின் உயிர் இருக்கும் நம்மூர்க் கதைக்கு அதில் இடம் உண்டு. உடலுக்கு வெளியே ஒளித்துவைத்த உயிர் என்பது 'இ710'. அந்த எண்ணைப் பிடித்தால் உலகம் முழுவதும் அந்தக் கூறு வரும் கதைகளுக்குப் போய்விடலாம்.

அறிவியல் புனைகதைக்கு இப்படி ஒன்றைச் செய்ய முயன்றவர் எவரெட் பிளைலர். மகன் ரிச்சர்டின் துணையுடன் 1990இல் அவர் வெளியிட்ட 'சயின்ஸ் ஃபிக்‌ஷன்: தி இயர்லி இயர்ஸ்', தொடக்க காலத்திலிருந்து 1930 வரையிலான மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளின் கதையைச் சொல்லி, பின்னால் கூறுகளின் அட்டவணையும் தருகிறது. 1998இல் வந்த இரண்டாம் நூல் 1926 முதல் 1936 வரையிலான இதழ்களை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு கதையையும் படித்து, சுருக்கி, பெரும்பாலும் இது குப்பை என்று தீர்ப்பும் சொல்கிறார் பிளைலர். அந்தச் சலிப்பான குரலுக்காகவே நான் அவரை விரும்பிப் படிப்பேன். சிக்கல் என்னவென்றால், அந்த வேலை 1936இல் நின்றுவிடுகிறது. மக்கள் அரைகுறையாக ஞாபகம் வைத்திருக்கும் கதைகளில் மிகப் பெரும்பாலானவை அதற்குப் பிறகு, ஜான் கேம்பெல் 'அஸ்டவுண்டிங்' ஆசிரியரான 1937க்குப் பின் எழுதப்பட்டவை. 1940, 50களின் பொற்காலத்துக்கு அப்படியொரு பிளைலர் கிடைக்கவில்லை.

கிடைத்திருந்தாலும் கதைக்கருவை வைத்து மட்டும் தேடுவது எவ்வளவு தூரம் உதவும் என்பது வேறு கேள்வி. இந்த இலக்கியத்தில் கரு என்பது பொதுச்சொத்து. ஒருவர் ஒரு யோசனையை எழுதினால் அடுத்த மாதமே இன்னொருவர் அதைத் தலைகீழாக்கி எழுதுவார். ஆய்வகத்தில் ஒருவன் குட்டி உலகம் ஒன்றைப் படைத்துக் கடவுளைப்போல் ஆட்டிவைக்கிறான் என்று ஒருவர் சொன்னால், எட்மண்ட் ஹாமில்டன் 1937இல் 'வியர்டு டேல்ஸ்' இதழில் எழுதிய 'ஃபெஸன்டன்ஸ் வேர்ல்ட்ஸ்' ஆக இருக்கலாம். தியோடர் ஸ்டர்ஜன் 1941இல் எழுதிய 'மைக்ரோகாஸ்மிக் காட்' ஆகவும் இருக்கலாம். பேரழிவுக்குப் பின் எஞ்சிய ஆணும் பெண்ணும் கடைசி வரியில் ஆதாம், ஏவாள் என்று தெரியவருவதாகச் சொன்னால் தேடாமலே கைவிட்டுவிடலாம். இதழாசிரியர்கள் பார்த்தாலே திருப்பி அனுப்புமளவுக்கு அந்த வகை பெருகியது. பிரயன் ஆல்டிஸ் அதற்கு 'ஷாகி காட் ஸ்டோரி' என்று ஒரு கேலிப் பெயரே வைத்தார். சார்லஸ் ஹார்னெஸ் 1950இல் எழுதிய 'தி நியூ ரியாலிட்டி'யைத் தவிர அந்தக் கும்பலில் இரண்டாம் முறை படிக்கத் தகுந்தது எனக்கு அகப்பட்டதில்லை.

அப்படியானால் எதைப் பிடித்துக்கொள்வது? இங்கே ஓர் உளவியலாளரின் உதவி தேவைப்படுகிறது. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஃபிரெடரிக் பார்ட்லெட், 1932இல் வெளியான 'ரிமெம்பரிங்' என்ற நூலில் ஒரு சோதனையை விவரிக்கிறார். வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களுக்குப் படிக்கக் கொடுத்து, சற்று நேரம் கழித்தும், நாட்கள், மாதங்கள் கழித்தும் திருப்பி எழுதச் சொன்னார். கதை ஒவ்வொரு முறையும் சுருங்கியது. அத்துடன் ஆங்கிலக் கதையாகவும் மாறிக்கொண்டே வந்தது. பழங்குடியினரின் துடுப்போடம் சாதாரணப் படகானது, கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பானது, பலர் எழுதியதில் ஆவிகள் காணாமலே போயின. பழக்கமில்லாதது எதுவோ அது உதிர்ந்தது, அல்லது பழகிய ஒன்றாக வேடம் மாறியது. நினைவு என்பது எடுத்துப் பார்க்கும் பதிவு அல்ல, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது என்று பார்ட்லெட் முடிவுகட்டினார்.

இதை நம் கேள்விக்குப் பொருத்திப் பாருங்கள். அறிவியல் புனைகதை என்பதே பழக்கமில்லாத விஷயங்களால் ஆனது. முப்பது வருடத்தில் அது நாம் பின்னால் பார்த்த திரைப்படங்களின் சாயலுக்கு வந்துவிடும். ஆகவே நினைவில் சீராக, தர்க்கமாக, படம்போல ஓடும் பகுதிகள் மனம் பின்னால் நிரப்பியவையாக இருக்க வாய்ப்பு அதிகம். அத்தனை தேய்மானத்துக்கும் தப்பி, எந்தத் தர்க்கத்துக்கும் பொருந்தாமல் துருத்திக்கொண்டிருக்கும் விவரத்தை மனம் இட்டுக்கட்டியிருக்கக் காரணமே இல்லை. அது மூலத்திலிருந்து வந்திருக்கிறது.

ஓர் உதாரணம். பல நூறு ஆண்டுகள் பயணம் செய்து வேற்று நட்சத்திரத்தை அடையும் விண்வெளி வீரர்கள், தங்களுக்குப் பின்னால் புறப்பட்ட வேகமான கப்பல்கள் முன்பே வந்து குடியேறிவிட்டதைப் பார்க்கிறார்கள். இந்தக் கருவைச் சொன்னால் பல பெயர்கள் வரும். ராபர்ட் ஹைன்லைனின் 'டைம் ஃபார் தி ஸ்டார்ஸ்' நாவலிலேயே இதற்கு நெருங்கிய திருப்பம் உண்டு. ஆனால் தேடுபவர் கொஞ்சம் கூச்சத்தோடு, அங்கே இருந்தவர்களுக்கு இவர்கள் உடம்பின் நாற்றம் பொறுக்கவில்லை என்று ஏதோ வரும், அது வேறு கதையாகக்கூட இருக்கலாம் என்று சொன்னால் தேடல் அங்கேயே முடிந்தது. அது ஏ. இ. வான் வோக்ட் 1944 ஜனவரி 'அஸ்டவுண்டிங்' இதழில் எழுதிய 'ஃபார் சென்டாரஸ்'. வெற்றிகரமாகப் போய்ச் சேர்ந்த வீரர்கள் அங்குள்ளவர்களால் மூக்கைப் பொத்திக்கொண்டு வரவேற்கப்படுவதை எந்த மனமும் தானாகக் கற்பனை செய்து சேர்க்காது.

இன்னொன்று. ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிறது. 1993இல் 'கிரவுண்ட்ஹாக் டே' திரைப்படம் வந்த பிறகு இந்தக் கரு கரைந்து பொதுவாகிவிட்டது. ஆனால் அந்த நாளில் எங்கு பார்த்தாலும் குளிர்பெட்டி விளம்பரம், ஒலிபெருக்கி வைத்துக் கத்துவார்கள் என்ற ஞாபகம் இருந்தால் அது ஃபிரெடரிக் போல் எழுதி 1955 ஜனவரி 'கேலக்ஸி'யில் வந்த 'தி டனல் அண்டர் தி வேர்ல்ட்'. அதில் வரும் நாள் ஜூன் 15. விபத்தில் அழிந்த ஒரு ஊரின் மக்களைக் குட்டி இயந்திரங்களாக மேசைமேல் திரும்பப் படைத்து, அவர்கள்மேல் விளம்பரங்களைச் சோதித்துப் பார்க்கிறார்கள். போல் விளம்பரத் துறையில் வேலை பார்த்தவர். அந்த எரிச்சல் முழுவதும் இதில் இருக்கிறது. விந்தை என்னவென்றால், கதையின் உயிரான விளம்பரம் மறந்துபோய், திரும்ப வரும் நாள் மட்டும்தான் பலர் மனதில் நிற்கிறது.

முடிவை நம்பலாமா? அதிர்ச்சி முடிவுக்காகவே எழுதப்பட்ட கதைகள் ஆயிற்றே என்று தோன்றும். ஆனால் முடிவுதான் பல வடிவங்களில் புழங்குகிறது. ரிச்சர்ட் மேதசனின் 'பட்டன், பட்டன்' 1970இல் வந்தது. பொத்தானை அழுத்தினால் பணம் வரும், நமக்குத் தெரியாத யாரோ ஒருவர் சாவார். மூலக்கதையில் மனைவி அழுத்த, கணவன் சாகிறான். காப்பீட்டுப் பணம் வருகிறது. உன் கணவனை நீ உண்மையில் அறிந்திருந்தாயா என்ற கேள்வியோடு கதை முடிகிறது. 1986இல் 'தி ட்விலைட் ஸோன்' தொடரின் புதிய வடிவத்தில் அந்தப் பெட்டி அடுத்ததாக உங்களுக்குத் தெரியாத ஒருவரிடம் போகும் என்பதுதான் முடிவு. மேதசனுக்கு அது பிடிக்கவில்லை, தன் பெயருக்குப் பதிலாக லோகன் ஸ்வான்சன் என்ற புனைபெயரைப் போட்டுக்கொண்டார். எனக்கு என்னவோ தொலைக்காட்சி முடிவுதான் கூர்மையாகப்படுகிறது. மேதசன் மன்னிப்பாராக. இப்போது ஒருவர் இந்தக் கதையை அந்த இரண்டாம் முடிவோடு 'படித்ததாக' சத்தியம் செய்தால், அவர் பார்த்ததைப் படித்ததாக நினைக்கிறார் என்று பொருள்.

ரே பிராட்பரியின் 'ஆல் சம்மர் இன் எ டே' கதைக்கும் இதே கதி. 1954இல் வந்தது. வெள்ளிக் கிரகத்தில் ஓயாத மழை. ஏழு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் மட்டும் வெயில். பூமியிலிருந்து வந்ததால் சூரியனை நினைவில் வைத்திருக்கும் மார்கோவை மற்ற பிள்ளைகள் பொறாமையில் அலமாரிக்குள் பூட்டிவிடுகிறார்கள். வெயில் வந்துபோன பிறகுதான் அவள் ஞாபகம் வருகிறது. மெல்லக் கதவைத் திறந்துவிடுகிறார்கள், அதோடு கதை முடிகிறது. பிள்ளைகள் தாங்கள் பறித்த பூக்களை அவளிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்பது 1982இல் வந்த தொலைக்காட்சி வடிவத்தில். பூக்களை ஞாபகம் வைத்திருப்பவர் கதையைப் புத்தகங்களில் தேடினால், சரியான கதையையே கையில் வைத்துக்கொண்டு இது இல்லை என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு.

காமிக்ஸ் இன்னும் குழப்பம். 1952இல் 'வியர்டு ஃபேண்டஸி' இதழில் 'ஹோம் டு ஸ்டே' என்று ஒரு படக்கதை வந்தது. பிராட்பரியின் 'கலைடாஸ்கோப்', 'தி ராக்கெட் மேன்' ஆகிய இரண்டு சிறுகதைகளைக் கேட்காமலே எடுத்து ஒன்றாகத் தைத்திருந்தார்கள். பிராட்பரி வழக்குப் போடவில்லை. எனக்குச் சேர வேண்டிய தொகை இன்னும் வரவில்லையே என்று நாசூக்காக ஒரு கடிதம் எழுதினார். பணமும் வந்தது, முறையாக அவர் கதைகளைப் படமாக்கும் ஏற்பாடும் பிறந்தது. அந்தப் படக்கதையைச் சிறுவயதில் படித்தவர் இரண்டு கதைகளைக் கலந்து சொல்கிறார் என்று நாம் அவரைத் திருத்தப் பார்ப்போம். கலந்தவர் அவர் அல்ல.

இந்த வகையில் எனக்கு வருத்தம் தருவது லின் வெனபிள் என்ற பெண் எழுத்தாளர். 'டைம் இனஃப் அட் லாஸ்ட்' என்ற அவருடைய கதை 1953 ஜனவரி 'இஃப்' இதழில் வந்தது. உலகம் அழிந்து, புத்தகங்களும் தானுமாக எஞ்சியவனின் கண்ணாடி உடைந்துபோகிறது. 1959 நவம்பரில் 'தி ட்விலைட் ஸோன்' அதைப் படமாக்கியதும் கதை உலகப் புகழ் பெற்றது. ஆனால் கேட்டால் பலரும் சொல்வது அந்தத் தொடரை உருவாக்கிய ராட் செர்லிங் பெயரை.

ஆசிரியர் பெயர் எப்போதும் பெரிய பெயரை நோக்கி நகரும். நமக்கு இது புதிதல்ல. ஊரில் வழங்கும் தனிப்பாடலில் கேலி இருந்தால் காளமேகம், புத்திமதி இருந்தால் ஔவை என்று வைத்துவிடுவோம். அங்கே அசிமோவ், கிளார்க், பிராட்பரி மூவரும் அந்த வேலையைச் செய்கிறார்கள். உலகத்துக் கணினிகளையெல்லாம் இணைத்து, கடவுள் உண்டா என்று கேட்க, இனி உண்டு என்று பதில் வரும் குட்டிக்கதை ஃபிரெட்ரிக் பிரவுன் 1954இல் எழுதிய 'ஆன்ஸர்'. அது அசிமோவின் 'தி லாஸ்ட் கொஸ்டின்' கதையோடு சேர்ந்து குழம்புவதில் ஆச்சரியமில்லை. கூடுதல் எடையைத் தாங்காத கப்பலில் ஒளிந்து ஏறிய பெண்ணை வெளியே தள்ளியாக வேண்டிய 'தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்' (1954) டாம் காட்வின் எழுதியது. அந்த ஒரு கதைக்காக மட்டும் நினைக்கப்படுபவர் அவர். ஆகவே ஒருவர் அசிமோவ் என்று சொன்னால் அசிமோவ் நூல்களைப் புரட்டிப் பார்க்கலாம், ஆனால் அங்கே கிடைக்காவிட்டால் கதையே இல்லை என்று முடிவுக்கு வரக் கூடாது.

இதற்கு மேல் புனைபெயர்கள். 1941 அக்டோபர் 'அஸ்டவுண்டிங்' இதழில் 'காமன் சென்ஸ்' கதையை எழுதிய ராபர்ட் ஹைன்லைனும், 'பை ஹிஸ் பூட்ஸ்ட்ராப்ஸ்' கதையை எழுதிய ஆன்சன் மெக்டொனால்டும் ஒரே ஆள். ஒரே இதழில் ஒருவர் பெயரே இரண்டுமுறை வரக் கூடாது என்பது அன்றைய வழக்கம். ஹென்றி கட்னரும் மனைவி சி. எல். மூரும் சேர்ந்து எழுதியவை லூயிஸ் பேட்ஜெட் போன்ற பல பெயர்களில் வந்தன. யார் எந்த வரியை எழுதினார் என்பது இன்றுவரை விவாதம். தலைப்புகளும் நிலையில்லாதவை. பிராட்பரியின் 'தி வெல்ட்' 1950இல் 'தி வேர்ல்ட் தி சில்ட்ரன் மேட்' என்றும், 'தி லாங் ரெயின்' அதே ஆண்டு 'டெத் பை ரெயின்' என்றும் முதலில் அச்சாயின. அசிமோவின் 'ராபி' 1940இல் 'ஸ்ட்ரேஞ்ச் பிளேஃபெல்லோ'. '2001' திரைப்படத்துக்கு விதையான ஆர்தர் கிளார்க்கின் 'தி சென்டினல்' 1951இல் 'சென்டினல் ஆஃப் இடர்னிடி' என்று ஒரு குறுகிய ஆயுள் இதழில் வந்தது. 

இவ்வளவும் கைவிரித்த பிறகு மிச்சம் இருப்பது புத்தகம் என்ற பொருள். கதையைப் பற்றிய நினைவைவிட அது இருந்த புத்தகத்தைப் பற்றிய நினைவு நம்பகமானது என்பது அனுபவத்தில் தெரிகிறது. எந்த வயதில், எந்த ஊரில், யாரிடம் வாங்கிப் படித்தது என்பதை மனம் கதையைப்போல் மெருகேற்றுவதில்லை. படித்த ஆண்டு ஒரு எல்லையைத் தரும். கதை அதற்குப் பின் எழுதப்பட்டிருக்க முடியாது. எவ்வளவு முன்னால் என்பதை அது சொல்லாது. 1980இல் படித்த கதை 1938இல் எழுதப்பட்டிருக்கலாம். ஏனென்றால் 1946இல் ஹீலியும் மெக்கோமஸும் தொகுத்த 'அட்வென்ச்சர்ஸ் இன் டைம் அண்ட் ஸ்பேஸ்', அதே ஆண்டு கிராஃப் கான்க்ளின் தொகுத்த 'தி பெஸ்ட் ஆஃப் சயின்ஸ் ஃபிக்‌ஷன்', 1970இல் சில்வர்பெர்க் தொகுத்த 'ஹால் ஆஃப் ஃபேம்' போன்றவை பழைய கதைகளைப் பல தலைமுறை வாசகர்களிடம் கொண்டுபோயின. இதழாகவே படித்திருந்தால் அளவைக் கேட்க வேண்டும். போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் 'அஸ்டவுண்டிங்' 1943 நவம்பரில் கையடக்க அளவுக்குச் சுருங்கியது. பெரிய தாளில் படித்தேன் என்பவர் அதற்கு முந்தைய இதழ் ஒன்றைச் சொல்கிறார் என்று கொள்ளலாம். அட்டைப்படம் மட்டும் உதவாது. ஓவியத்தை முதலில் வரையச் சொல்லிவிட்டு அதற்கேற்பக் கதை எழுதவைத்த காலம் அது. மலிவுப் பதிப்புகளின் அட்டைக்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கும்.

கேட்க வேண்டிய மிகச் சிறந்த கேள்வி இதுதான்: அதே புத்தகத்தில் வேறு என்ன கதை இருந்தது? தேடும் கதையின் பெயர் தெரியாதவருக்குப் பக்கத்துக் கதையின் பெயர் தெரிந்திருக்கும். 'எலி ஒன்று வரும், புத்தி வளர்ந்து திரும்ப மங்கிப்போகும்' என்று அவர் சொன்னால் அது டேனியல் கீஸ் எழுதிய 'ஃபிளவர்ஸ் ஃபார் அல்ஜெர்னன்'. அது இடம்பெற்ற தொகுப்புகளின் பொருளடக்கங்களைத் தரவுத்தளத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து, அவர் படித்த ஆண்டுக்குப் பிந்தையவற்றை நீக்கிவிட்டால் பார்க்க வேண்டிய கதைகள் சில டஜன்களுக்குள் வந்துவிடும். கொன்டென்டோ போன்றவர்களின் உழைப்பு உண்மையில் பலன் தருவது இந்த இடத்தில். தலைப்பு இல்லாமலே பட்டியலுக்குள் நுழைய இருக்கும் ஒரே பக்கவாட்டு வழி இது.

தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு இந்தக் கேள்விகள் கொஞ்சம் வேறு திசையில் போகும். சென்னையில் 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் வாங்கியதா? நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் மலிவாகக் கிடைத்த சோவியத் நூலா? மத்திய பாடத்திட்டத்தின் ஆங்கிலப் பாடநூலா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் விடை எளிது. 2157ஆம் ஆண்டில் இரண்டு குழந்தைகள் காகிதப் புத்தகத்தைக் கண்டெடுத்து வியக்கும் அசிமோவின் 'தி ஃபன் தே ஹேட்' ஒன்பதாம் வகுப்புப் பாடமாக இருந்தது. லட்சக்கணக்கான மாணவர்கள் அதைப் படித்திருக்கிறார்கள், ஆசிரியர் பெயரைத் தேர்வோடு விட்டுவிட்டார்கள். சோவியத் நூல் என்றால் ஒரு வேடிக்கையான பொறி உண்டு. இவான் எஃப்ரெமோவ் 1950களின் இறுதியில் எழுதிய 'தி ஹார்ட் ஆஃப் தி செர்பென்ட்' கதையில், வேற்றுலகக் கப்பலைச் சந்திக்கப்போகும் வீரர்கள் பழைய அமெரிக்கக் கதை ஒன்றை எடுத்து வைத்து, அதன் ஆசிரியருக்கு மனிதர்கள்மேல் எவ்வளவு அவநம்பிக்கை என்று விவாதிக்கிறார்கள். அவர்கள் சொல்வது மர்ரே லெய்ன்ஸ்டர் 1945இல் எழுதிய 'ஃபர்ஸ்ட் கான்டாக்ட்'. இரண்டு கப்பல்கள் சந்தித்து, ஒன்றையொன்று நம்ப முடியாமல் கடைசியில் கப்பல்களையே மாற்றிக்கொண்டு போகும் கதை. எஃப்ரெமோவை மட்டும் படித்த ஒருவர் லெய்ன்ஸ்டர் கதையைப் படித்ததாகவே நினைத்துக்கொண்டிருக்க முடியும்.

இப்போது தேடுபவர்கள் முதலில் கேட்பது உரையாடும் இயந்திரங்களிடம். புகழ்பெற்ற கதை என்றால் அவை உடனே சொல்லிவிடுகின்றன. அதிகம் பேசப்படாத கதை என்றால், கேட்டவர் விவரித்ததற்கு ஏற்ப ஒரு தலைப்பு, ஒரு ஆசிரியர், ஒரு ஆண்டு என்று இல்லாத கதையையே தயங்காமல் தந்துவிடுவதும் நடக்கிறது. பார்ட்லெட்டின் சோதனையில் மனிதர்கள் செய்ததைத்தான் அவையும் செய்கின்றன. இடைவெளியைப் பழகியதைக்கொண்டு நிரப்புகின்றன. நம்பிக்கை தருவது வேறு ஒன்று. 1963 வரை அமெரிக்காவில் வெளியான படைப்புகளுக்கு 28ஆம் ஆண்டில் பதிப்புரிமையைப் புதுப்பித்தாக வேண்டும் என்ற விதி இருந்தது. பல இதழ்க்கதைகளுக்கு யாரும் புதுப்பிக்கவில்லை. அதனால் அவை 'புராஜெக்ட் குட்டன்பர்க்' தளத்தில் முழுமையாகக் கிடைக்கின்றன. 'கேலக்ஸி', 'இஃப்' இதழ்கள் பக்கம் பக்கமாக ஒளிநகல் எடுக்கப்பட்டு இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கின்றன. போல் கதையின் அந்தக் குளிர்பெட்டி நிறுவனத்துக்கு 'ஃபெக்கிள்' என்று பெயர். இப்படி ஒரு விசித்திரப் பெயர்ச்சொல் ஞாபகம் இருந்தால் பட்டியல் எதுவும் தேவையில்லை, முழு எழுத்திலேயே தேடிவிடலாம். ஆக, அங்கும் வேலைக்கு ஆவது துருத்திக்கொண்டிருக்கும் சில்லறைதான்.

கிடைத்தது சரியான கதைதானா என்று எப்படி முடிவுசெய்வது? தேடியவர் ஆம் என்று சொல்வது போதாது. விவரம் பொருந்தினால் மகிழ்ச்சியில் ஒப்புக்கொண்டுவிடுவார். அவர் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று, படிக்கும்போது அவருக்கே சட்டென்று திரும்ப வர வேண்டும். பாப் ஷா 1966இல் எழுதிய 'லைட் ஆஃப் அதர் டேஸ்' நல்ல உதாரணம். ஒளி ஊடுருவப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் கண்ணாடி. ஒருவன் வீட்டு ஜன்னலில் அவனுடைய மனைவியும் குழந்தையும் தெரிகிறார்கள், ஆனால் அவர்கள் இறந்து ஆண்டுகளாகிவிட்டன. ஜன்னல் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கண்ணாடி வாங்கவந்த தம்பதியர் கதை முழுக்க ஒருவரையொருவர் வெறுத்துச் சண்டை போட்டுக்கொண்டிருப்பதும், அந்தப் பெண் கர்ப்பமாக இருப்பதும் படித்தால்தான் திரும்ப வரும். அப்படி வந்தால் சந்தேகம் இல்லை.

தமிழ் அறிவியல் கதை ஒன்றை இதேபோல் தேட வேண்டியிருந்தால் நிலைமை மோசம். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' போல நூலானவை பிழைத்தன. வார இதழ்களில் ஒருமுறை மட்டும் வந்து மறைந்த சிறுகதைகளுக்கு டொனால்ட் டே செய்த அகரவரிசைகூட இல்லை, பிளைலர் செய்தது இருக்கட்டும். நம் வீடுகளில் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துத் தைத்து வைத்த கட்டுகளில் இதழின் பெயரும் தேதியும் முதலிலேயே வெட்டுப்பட்டிருக்கும். ஆனால் மறுபக்கம் கிழிபடாமல் இருக்கும். அதில் பாதி விளம்பரம், ஒரு துணுக்கு, ஏதாவது ஒரு படத்தின் விமர்சனம் இருக்கும். படம் வெளியான தேதியை வைத்து இதழின் வாரத்தைப் பிடித்துவிடலாம்.